பிரட்டுக்களம் முதல் கொழுந்து மடுவம் வரை: ஊவாத் தோட்டங்களில் அன்றாடத் தலைமை

தலைமை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் அரசியற் பெருந்தலைவரும் சேனாதிபதிகளுமேயாவர். விழா மலர்களில் வெளிவரும் கட்டுரைகளும் பெரும்பாலும் அத்தகையோரைப் பற்றியனவே. ஆனால், இந்துக் கல்லூரியிலே பயின்று வெளியேறிய நம்மவருட் பலர் தம் வாழ்நாளிற் செலுத்த நேர்ந்த தலைமை வேறு வகையானது. தந்தையர் காலத்திலும் பாட்டனார் காலத்திலும் புகையிரதமேறிப் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் சென்று, தோட்டக் கந்தோர்களிலே கிளாக்கராகவும், தொழிற்சாலைகளிலே டீமேக்கராகவும், மலைகளிலே கண்டக்டராகவும், தோட்ட வைத்தியசாலைகளிலே அப்போதிக்கரியாகவும் காலங்கழித்தவர் எத்தனையோ பேர். மலைநாட்டிலேயே பிறந்து படித்து அதே உத்தியோகங்களுக்கு வந்தோர் தொகை பின்னாளிற் பெருகிற்று. இவர்களுள் மேடையேறிப் பேசியவர் மிகச் சிலர். ஆயினும், ஒவ்வொருவரும் நாள்தோறும் 100, 150 பேருடைய உழைப்புக்கும் உணவுக்கும், சில வேளைகளில் உயிருக்கும் பொறுப்பாயிருந்தனர். அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் திறமை பிறவியிலே வருவதா, பழகிப் பெறுவதா? பழகிப் பெறுவதே என்பது பல ஆண்டுகள் ஊவா மலைகளில் உத்தியோகம் பார்த்த என் துணிபு. அதற்கான காரணங்களை இங்கே கூறுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா, மத்திய மலைத்தொடரின் கிழக்குப் புறத்தே சாய்ந்து கிடக்கிறது. 1924ஆம் ஆண்டிற் புகையிரதம் பதுளையை எட்டியது; ஆனால் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதிகளுக்கு இன்றும் வளைந்து செல்லும் மலைத்தெருவே வழி. யூலை முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். அக்காலத்திலே தளிர் மெல்ல வளரும், கொழுந்து குறையும், ஆனால் புதினாவை நினைவூட்டும் ஒரு மணம் தேயிலையில் ஏறும். உலகச் சந்தையிலே ஊவாத் தேயிலைக்குள்ள பெயர் இந்தச் சில வாரங்களால் வந்ததேயாகும். ஒற்றோபர் பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிச் சனவரி வரை நீடிக்கும். கொழுந்து பெருகும், பாதை வழுக்கும், மண் சரியும்.

மேற்பார்வையாளன் கற்கவேண்டிய முதற்பாடம் இந்தக் காற்றிலேயே இருக்கிறது. ஓகத்து மாதத்தில், நிறை குறைந்தாலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் துப்புரவாகப் பறிக்கும்படி சொல்கிறோம். நவம்பரிலே, ஒரு மலையும் பிந்திவிடாமல் பறித்து முடிக்கும்படி அவசரப்படுத்துகிறோம். ஏழு நாளைக்கொரு முறை சுற்றிவரவேண்டிய மலை பத்து நாளாகிவிட்டால் இலை முற்றிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆனால், காரணம் கூறாது கட்டளையை மாத்திரம் மாற்றினால், கூடை சுமப்பவளுக்கு ஐயாவின் மனநிலை மாறியதாகவே தோன்றும். நான் அறிந்த ஒரு டீமேக்கர், புதிதாகப் பேர் பதிந்த பெண்களைப் பத்துப் பத்துப் பேராகத் தொழிற்சாலைக்குள் அழைத்துச் சென்று, வாட்டும் தட்டுகளிலே நல்ல கொழுந்தையும் முற்றல் இலையையும் அருகருகே பரப்பி, பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின் இரண்டும் எவ்வாறு இருக்கின்றன என்று தொட்டுப் பார்க்கச் செய்வார். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது என்பதையும் அங்கேயே கணக்கிட்டுக் காட்டுவார். அதற்குச் செலவான நேரம் அரை மணி. அந்த மலைகளிலே முற்றல் இலை பற்றிச் சத்தம் போடவேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

இனி, இந்த மேற்பார்வை எங்கிருந்து பிறந்தது என்பதையும் நோக்கவேண்டும். பழைய வழக்கங்களின் மிச்சம் இன்னும் நம் நாவிலும் நடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பிக் காலத்திலிருந்து தோட்டத்தின் ஆட்பலம் பெரிய கங்காணியின் கையிலே இருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவரும், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் அவருக்குக் கிடைத்த தரகுக்குப் பென்ஸ் காசு என்று பெயர். எனவே, காய்ச்சலிற் கிடப்பவனையும் பிரட்டுக்கு எழுப்பி நிறுத்துவது அவருக்கு இலாபமாயிற்று. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவனுடைய கடன் தொகை எழுதப்பட்ட துண்டு ஒன்றைப் பெறவேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றி அவன் அசைய முடியாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது.

கங்காணிமார் எல்லோரும் கொடியவர் என்று கூறுவது அநியாயம். கோயில் கட்டியவரும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவரும் அவர்களுள் இருந்தனர். என் குறை அந்த மனிதரைப் பற்றியதன்று. கடனிலே கட்டிய அதிகாரத்துக்குக் காது தேவைப்படவில்லை. குரல் மாத்திரம் போதுமாயிருந்தது. கடன் நீங்கிய பின்னரும் அந்தக் குரல் நீங்கப் பல காலம் சென்றது.

அதன் விளைவு 1940ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். வேலைநிறுத்த அலை மலைநாடெங்கும் பரவி, மே மாதத்தில் ஊவாவை அடைந்தது. பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தாமே வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்தாலோசித்தே கருமமாற்றுவதாகத் தோட்டத்துரை உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டவென்று சென்ற ஆயுதந்தாங்கிய பொலிஸ் குழுவின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர் என்பதும் அக்கால வரலாற்றிற் பதிவான செய்தி. லங்கா சமசமாசக் கட்சியினர் இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். அதே ஆண்டிலே துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமையும், குறைகளைக் கூடிப் பேசித் தீர்க்கும் வழியும் அப்போதுதான் ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்டன.

வேவெஸ்ஸ நிகழ்ச்சியை அரசியற் கட்சியாரும் முதலாளிமாரும் தத்தம் நோக்கிலே எடுத்துரைப்பர். மேற்பார்வையாளனாகிய எனக்கு அதிலே வியப்பூட்டுவது ஒன்றே. வேலை எவ்வாறு நடக்கவேண்டும் என்று பேசுவதற்குத் தொழிலாளர் தமக்குள்ளே பொருத்தமானவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். அத்தகையவர்கள் அந்த லயங்களிலே அதுவரையும் இருந்தார்கள். பிரட்டுக்களத்தில் நாள்தோறும் வரிசையிலும் நின்றார்கள். அவர்களிடம் ஒரு சொல் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன்பின் 1975ஆம் ஆண்டிலே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டிலே பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. பெயர்ப்பலகைகள் மாறியும், கேட்கும் பழக்கம் தோட்டத்துக்குத் தோட்டம், ஆளுக்கு ஆள் வேறுபட்டே வந்திருக்கிறது.

அன்றாட வேலைக்கு வருவோம். ஒரு காலத்திலே தப்பு அடித்து ஆட்களை எழுப்பினார்கள். இப்போது தப்புச் சத்தம் இல்லை, பிரட்டு இருக்கிறது. எந்த மலைக்கு யார், எந்தக் கங்காணியின் கீழ் எத்தனை பேர், யாருக்குக் கவ்வாத்து, யாருக்கு மருந்தடிப்பு என்பன பத்து நிமிடத்துக்குள் தீர்மானமாகின்றன. அந்தப் பத்து நிமிடத்திலே அன்றைய நாளின் பாதி தீர்ந்துவிடுகிறது என்று சொல்வேன். மலைகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. தெருவோரத்துச் செழித்த மலையும் உண்டு. கல்லும் காடுமாக, அட்டை கடிக்கும் செங்குத்தான மலையும் உண்டு. நல்ல நிரைகள் எப்போதும் கங்காணியின் உறவினருக்கே விழுகின்றன என்ற எண்ணம் ஒரு தோட்டத்திற் பரவிவிட்டால், அங்கே எந்த உபதேசமும் எடுபடாது. நிரைகளை முறை வைத்து மாற்றுவதும், அந்த முறையை எல்லோரும் கேட்க உரக்கச் சொல்வதும் மிகச் சிறிய காரியங்கள். அவற்றை ஒரு மாதம் தவறாது செய்து பார்த்தவர்க்கே அவற்றின் பலன் புரியும்.

அன்று எத்தனை கிலோ எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் காலையிலேயே சொல்லவேண்டும். மாலையிலே தராசடியில் நின்று, "இன்றைக்கு இது போதாது, அரைப்பேர்தான்" என்று கூறுவது கணக்குப்படி சரியாயிருக்கலாம். ஆனால், காலையில் அறிந்திருந்தால் சற்று முயன்றிருக்கக்கூடியவளுக்கு அது வஞ்சகமாகவே தெரியும். வறட்சியாலோ கவ்வாத்தாலோ அந்த மலையிலே அத்தனை கொழுந்து இல்லையென்றால், கந்தோருக்கு அதை எடுத்துச் சொல்லவேண்டியவன் மேற்பார்வையாளனே. மேலே பேசத் துணியாதவன் கீழே உரக்கப் பேசுவான். இதனை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

அழைக்கும் முறை பற்றியும் இங்கே கூறவேண்டும். வயதிலே தாயாகவுள்ள பெண்ணை "வா, போ" என்று ஒருமையில் விளிக்கும் இளம் உத்தியோகத்தர் இன்னும் இல்லாமற் போகவில்லை. கல்லூரியிலே ஆசிரியரை ஐயா என்றும், வீட்டிலே அயலாரை அக்கா என்றும் அழைத்துப் பழகிய நாவு, மலையேறியதும் ஏன் மாறவேண்டும்? "அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிருச்சா?" என்று லயத்துப் பேச்சிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலைக்கு அனுப்புவதால் உத்தியோகத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால், கேட்டவர் மறுநாளும் அதை நினைவில் வைத்திருக்கவேண்டும். ஒரு சிறு குறிப்புப் புத்தகம் அதற்குப் போதும். கண்டிப்பது அவசியமானால் மடுவத்துக் கூட்டத்தின் நடுவே நின்று கண்டிக்காமல், நிரையின் ஓரத்திலே தனித்து அழைத்துச் சொல்லலாம். கங்காணியைத் திருத்துவதும் அவ்வாறே. அவருடைய ஆட்களின் முன்னே அவரைத் தாழ்த்திவிட்டு, பிற்பகலில் அவரே அந்த ஆட்களை நடத்தவேண்டும் என்று எதிர்பார்ப்பது புத்தியீனம்.

தோட்டத்திலே நம்பிக்கை உண்டாவதும் அழிவதும் தராசடியில்தான். ஒரு நாளிற் பெரும்பாலும் மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படுகிறது. கூடையின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்குமாகச் சில இறாத்தல் கழிக்கும் வழக்கம் பழைய காலத்தது. இறாத்தல் கிலோவாகியும் கழிவு நின்றபாடில்லை. ஈர இலையிலே நீரின் பாரம் உண்டு என்பது உண்மை. வெயிற்காலத்திலும் மழைக்காலத்திலும் ஒரே அளவு கழித்தால், அந்த உண்மைக்கு என்ன மதிப்பு? தராசின் முகத்தைப் பறிப்பவர் பக்கம் திருப்பி வைத்து, நிறையை வாய்விட்டுச் சொல்லி, கழிவையும் வாய்விட்டுச் சொல்லி, அவளுடைய துண்டிலும் செக்ரோலிலும் ஒரே தொகையை அவள் கண்முன் எழுதுவதே நேர்மையான முறை. இன்று எண்முகத் தராசுகள் வந்திருக்கின்றன. கருவி நல்லதுதான்; ஆனால் அதன் முகமும் கணக்கப்பிள்ளையின் பக்கமே திரும்பியிருந்தால் பழைய கதைதான். தராசடியிற் சண்டை வந்தபின் சமாதானம் செய்வதிலே வல்லவர் என்று பெயரெடுத்த உத்தியோகத்தர்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. சண்டைக்கு இடமில்லாமற் செய்தவரின் பெயர் வெளியே வருவதில்லை.

கூடை சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேய்ப்போர் நெடுங்காலம் ஆண்களே. அதனால் ஆண்கள் எண்ணிப்பாராத சில விடயங்கள் உண்டு. பால்குடிக் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு வந்தவளுக்கு அதற்கு அண்மையான மலையைக் கொடுக்கலாம். நாள் முழுவதும் மலையில் நிற்பவர்க்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். இதைக் கேட்க அவர்கள் கூசுவார்கள். கேளாமலே செய்துவைக்க வேண்டும். குளவிக்கூடு பற்றிய எச்சரிக்கையும் அத்தகையதே. நிழல் மரத்திலே கூடு இருப்பதை முதலிற் காண்பவர் பறிக்கும் பெண்ணாகவே இருப்பாள். அவள் சொல்லியும் அந்த நிரைக்குள் அனுப்பப்பட்டுக் கொட்டுண்டு மாண்டோர் மலைநாட்டிலே உண்டு. பிரட்டு முடிந்ததும் ஆட்களுக்கு முன்னே தான் சென்று மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வரும் கங்காணி ஒருவரை நான் அறிவேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நாட்கூலியைத் தீர்மானிப்பது கண்டக்டரும் அல்லர், துரையும் அல்லர். 2021ஆம் ஆண்டு மார்ச்சிலே சம்பளச் சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வெளியாகி நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. அதைத் தொடர்ந்து, எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் என்பது பற்றிப் பல தோட்டங்களிற் பிணக்கு மூண்டது. இத்தகைய வேளையில், தன் கையில் இல்லாததைத் தருவதாக வாக்களிப்பவரும், தன் கையில் உள்ளதையும் மேலிடத்தின் தலையிற் சுமத்துபவரும் ஒரே தீங்கைச் செய்கிறார்கள். எது கொழும்பிலே தீர்வது, எது கந்தோரிலே தீர்வது, எது இந்த மலையிலேயே இன்று தீர்வது என்று பிரித்துச் சொல்லிவிட்டு, மூன்றாவதை அன்றே தீர்த்துவைப்பவனிடம் தொழிற்சங்கத் தலைவரும் நிதானமாகப் பேசுவார். சங்கத் தலைவரை வேலைநிறுத்தம் வந்த அன்று மாத்திரம் தேடிப் போகாமல், மாதத்துக்கு ஒரு முறையேனும் காரணமின்றிச் சந்திப்பது நல்லது.

இதுவரை கூறியவையெல்லாம் கூலியும் மதிப்பும் பற்றியவை. உயிரும் இதில் அடங்கியிருக்கிறது என்பதை 2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆம் திகதி ஊவா கண்டது. அல்துமுல்லைப் பிரிவிலே கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தையில், காலை வேளையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று பள்ளிக்கூடம் சென்றிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு நின்ற இடத்திலே சேறு கிடந்தது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். மாற்றுக்காணி கொடுப்பது பெரிய இடத்துக் காரியம்; அதன் குற்றங்குறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், காகிதத்துக்கும் லயத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை நடக்கவேண்டியவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டைத் தாக்கியபோதும், பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின.

மழையை அளப்பது தோட்டங்களுக்குப் புதிதன்று. பல தொழிற்சாலைகளின் முற்றத்திலே நெடுங்காலமாக மழைமானி இருக்கிறது. காலைதோறும் அளந்து புத்தகத்திற் பதிகிறார்கள். உரமிடுவதற்கும் பறிப்பதற்குமே அந்தக் கணக்கைப் பயன்படுத்தினோம். மேற்கூறிய நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் எளியவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ ஆபத்தான சரிவை விட்டு உடனே அகலவேண்டும். சுவரிலே புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, புதிதாகக் கசியும் நீர் ஆகியவையும் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டு சொல்லக்கூடியவர் லயத்தில் வாழ்பவரே. பீலிக்கரை நீர் கலங்கியிருக்கிறது என்று ஒரு கிழவி வந்து சொன்னால், அதை ஏளனம் செய்யாது குறித்துக்கொள்ளும் உத்தியோகத்தரிடமே அவள் அடுத்த முறையும் வருவாள். தராசடியில் அவளை அவமதித்தவரிடம் வரமாட்டாள்.

மழைமானியைப் பார்ப்பவர் விடுமுறையிற் போகும் நாளில் அதைப் பார்ப்பவர் யார், இரவு இரண்டு மணிக்கு லயத்துக் கதவைத் தட்டுபவர் யார், தட்டினால் எழுந்து எந்தப் பாதையால் எங்கே செல்வது, நடக்கமுடியாதவரைத் தூக்கிச் செல்பவர் யார் என்பவற்றை ஒற்றோபர் பிறக்குமுன் பிரட்டுக்களத்திலே பேர் சொல்லி ஒப்படைக்கவேண்டும். அப்பேர்களைக் கந்தோர்ச் சுவரிலும் பிள்ளை மடுவத்துச் சுவரிலும், தமிழிலும் சிங்களத்திலும், பெரிய எழுத்திலே எழுதி ஒட்டலாம். செத்தெம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்தபின், அந்தப் பாதையில் எல்லோரும் ஒரு முறை நடந்து பார்த்தால் அரை மணித்தியாலம் செல்லும். அந்த அரை மணித்தியாலத்துக்கும் பேர் போட்டுக் கொடுக்கவேண்டும்.